குங்ஃபூவுக்கு எத்தனை வாசல்?

நம் கிளப் ஹவுஸ் மாடியில் சனிக்கிழமை காலை குங்ஃபூ வகுப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆறரை மணிக்குப் பிள்ளைகள் போடும் சத்தத்தில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் அலாரமே தேவைப்படுவதில்லை. என் பேரன் இரண்டு வருடமாக அந்த வகுப்புக்குப் போகிறான். கோடை விடுமுறையில் அவனுடைய அம்மா வழித் தாத்தா ஊருக்குப் போனவன், அங்கே ஒரு மாதம் சிலம்பம் கற்றுக்கொண்டு வந்தான். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, வகுப்பின் இடைவேளையில் கம்பைச் சுற்றி மற்ற பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறான். மாஸ்டர் பார்த்துவிட்டார். "இது வேணுமா, அது வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பையன் இட்லியைத் தொடவில்லை. "ரெண்டு கத்துக்கிட்டா தப்பா தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

அதே வாரம் சங்கக் கூட்டத்திலும் இந்தப் பேச்சுதான். மாடியைக் கராத்தே வகுப்புக்கும் கொடுக்கலாமா, கொடுத்தால் ஒரே பிள்ளை இரண்டு வகுப்புக்கும் போகலாமா என்று பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "நீங்கதான் சார் ஓய்வா இருக்கீங்க, படிச்சுப் பார்த்து எழுதுங்க" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். நான் பி.காம். படித்தவன், முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தா. கையை ஓங்கியது ரப்பர் ஸ்டாம்பு குத்துவதற்கு மட்டும்தான். ஆனாலும் மூன்று மாதமாக நூலகமும் இணையமுமாக அலைந்து சீனத்து வரலாற்றைப் படித்ததில், இந்தச் சண்டை நம் மாடியில் தொடங்கியதில்லை என்று தெரிந்தது. சீனாவில் இதற்கு ஐந்நூறு வருடப் பழக்கம்.

முதலில் ஒரு சொல். நாம் 'ஸ்டைல்' அல்லது 'பாணி' என்கிறோமே, அதற்குச் சீனர்கள் பழங்காலம் தொட்டுச் சொல்லும் சொல் 'மென்'. அதன் நேர்ப்பொருள் வாசல். ஒரு கலையில் சேர்வது அந்த வாசலுக்குள் நுழைவது. சேரும்போது மாணவன் குருவின் காலில் விழுந்து தலை தரையில் படும்படி வணங்குவான், தேநீர் கொடுப்பான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பிள்ளை. குருவைக் குறிக்கும் 'ஷிஃபு' என்ற சொல்லை எழுதும் ஒரு முறையில் தந்தை என்ற எழுத்தும் இருக்கிறது. கூடப் படிப்பவர்கள் அண்ணன் தம்பிகள். இப்போது யோசித்துப் பாருங்கள்: அப்பாவைக் கேட்காமல் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்?

சோறும் இதில் உண்டு. அந்தக் காலத்தில் சண்டைக்கலை தெரிந்தவனுக்கு வேலை என்றால் வணிகர்களின் வண்டிகளுக்குக் காவலாகப் போவது, ஊர்க்காவல், பட்டாளம், அல்லது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. தனக்கு மட்டும் தெரிந்த அடி நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் பிழைப்பு போயிற்று. எனவே மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததை மருமகனுக்குச் சொல்லித்தராத குடும்பங்கள் இருந்தன. வாசலைச் சாத்தி வைத்ததில் கலையின் தூய்மையை விட வயிற்றுப்பாட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். கணக்குப் பிள்ளையாக இருந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

வாசல்களைப் பற்றிக் கவலையே படாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பெயர் சீ ஜிகுவாங். மிங் அரசமரபின் தளபதி. 1528-இல் பிறந்தவர். 1550-களில் சீனாவின் கிழக்குக் கடற்கரையைக் கடற்கொள்ளையர்கள் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் கொள்ளையர் என்று பெயரே தவிர, அவர்களில் சீனர்களும் ஏராளம். அவர்களின் நீண்ட வாளுக்கு முன்னால் அரசுப் படைகள் நிற்க முடியாமல் ஓடின. சீ ஜிகுவாங் பழைய சிப்பாய்களை நம்பாமல், யீவூ என்ற மலைப்பகுதிக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களையும் விவசாயிகளையும் திரட்டினார். கலை தெரியாத முரட்டு ஆட்கள். அவர்களை எப்படிப் பழக்குவது என்று 1560 வாக்கில் ஒரு பயிற்சி நூல் எழுதினார். அதில் கைச்சண்டைக்கென்று ஓர் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்துக்காக அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத்தில் பெயர் பெற்ற பாணிகளை எல்லாம் பட்டியல் போட்டார். ஒருவர் உதைப்பதில் வல்லவர், ஒருவர் பிடிப்பதில், ஒருவர் கீழே தள்ளுவதில், ஒருவர் குத்துவதில். ஷாவோலின் மடத்தின் கம்பும் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொன்றும் நல்லதுதான், ஆனால் மேலே இருப்பவனுக்குக் கீழே இல்லை, கீழே இருப்பவனுக்கு மேலே இல்லை என்பது அவருடைய குறை. எல்லாவற்றையும் சேர்த்துப் பழகியவன் எப்படி இருப்பான் என்பதற்கு ஒரு பழைய உவமையைக் கையாள்கிறார்: ஒரு மலைப்பாம்பு, தலையில் அடித்தால் வால் வரும், வாலில் அடித்தால் தலை வரும், நடுவில் அடித்தால் இரண்டும் வரும். பதினாறு பாணிகளிலிருந்து அவர் பொறுக்கி எடுத்தது மொத்தம் 32 நிலைகள். அவ்வளவுதான். வரவு நிறைய, பதிவு கொஞ்சம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கைச்சண்டையால் போர் ஜெயிக்காது என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். கைகாலை இயங்கப் பழக்குவதற்கும் ஆயுதப் பயிற்சிக்கு முதல் படியாகவும்தான் அது. பிற்காலத்தில் அந்த நூலைத் திருத்தி எழுதியபோது அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். போரில் அவர் நம்பியது பதினோரு பேர் கொண்ட ஒரு சிறு அணியை. தலைவன் ஒருவன், கேடயக்காரர் இருவர், கிளைகளை வெட்டாத நீண்ட மூங்கிலைப் பிடித்து எதிரியின் வாளைச் சிக்கவைப்பவர் இருவர், ஈட்டிக்காரர் நால்வர், பின்னால் முச்சூலம் போன்ற ஆயுதத்தோடு இருவர். பன்னிரண்டாவதாகச் சமையல்காரர். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. அணிக்கு எல்லாம் தெரிந்திருந்தால் போதும். கொள்ளையரை அவர் அடக்கியது இந்த அணியை வைத்துத்தான்.

அவருடைய காலத்திலேயே இருந்த இன்னொரு தளபதி யூ தாயோ. கம்புச் சண்டையில் புலி. 1561-இல் வடக்கு எல்லையிலிருந்து தெற்கே போகிற வழியில் ஷாவோலின் மடத்தில் இறங்கினார். புகழ்பெற்ற மடம், துறவிகள் கம்பு வீசிக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, உங்கள் கலையின் உயிர் போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நம் கோயிலில் யாராவது வந்து 'உங்களுக்கு மந்திரம் சரியாக வரவில்லை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே நடந்தது வேறு. மடத்துக்காரர்கள் அவரையே கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். ஒருநாளில் முடிகிற காரியமில்லை என்று அவர் சொல்ல, சோங்சிங், பூசோங் என்ற இரண்டு இளம் துறவிகளை அவரோடு அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் படை முகாம்களில் அவர் பின்னால் அலைந்து கற்றுக்கொண்டு, மடத்துக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குங்ஃபூவின் தாய்வீடு என்று உலகமே சொல்லும் ஷாவோலின், வெளியாளிடம் கம்பு கற்ற கதை இது.

ஷாவோலின் என்றதும் 'நம்ம போதிதர்மர்தானே கற்றுக்கொடுத்தார்?' என்று உங்களில் பலர் கேட்பீர்கள். 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் பார்த்துவிட்டு நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன்தான். படித்தபோது கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஐச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. அதற்கு அடுத்த பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. தியானம் போதித்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு குறிப்பிலும் சண்டைக்கலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைச் சண்டைக்கலையோடு சேர்த்துப் பேச வைத்தது 1624 என்று தேதியிட்ட ஓர் உடற்பயிற்சி நூல். அவர் காலத்துக்கும் அதற்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. 1930-இல் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இதையெல்லாம் எடுத்து வைத்து, போதிதர்மர் கதை பிற்காலத்துக் கற்பனை என்று எழுதினார். ஷாவோலினில் பலருக்குக் கோபம். நமக்கும் வருத்தம்தான். ஆனால் வவுச்சர் இல்லாமல் பதிவு போடக்கூடாது என்று பழகிவிட்டேன்.

இதே தாங் ஹாவ் இன்னொரு கண்டுபிடிப்பும் செய்தார். நம் பூங்காவில் சிலர் காலையில் மெதுவாகக் கையை அசைத்துச் செய்கிறார்களே, அந்தத் தாய்ச்சியின் மூலத்தைத் தேடி ஹெனான் மாநிலத்தில் உள்ள சென் குடும்பத்தாரின் கிராமத்துக்குப் போனார். அக்குடும்பத்தின் பழைய பயிற்சி முறைகளைத் தளபதி சீ ஜிகுவாங்கின் 32 நிலைகளோடு ஒப்பிட்டபோது 29 ஒத்துப்போயின. பதினேழாம் நூற்றாண்டில் அந்த ஊரைச் சேர்ந்த சென் வாங்திங் என்ற பழைய ராணுவ வீரர், தளபதியின் நூலிலிருந்து எடுத்துத் தம் முறையை அமைத்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அதாவது, 'எங்கள் குடும்பச் சொத்து, வெளியாருக்குக் கிடையாது' என்று பல தலைமுறை பூட்டி வைத்திருந்த கலையின் அடிப்பாகத்திலேயே பதினாறு வாசல்களின் மண் ஒட்டியிருந்தது.

தெற்கே குவாங்தோங் பக்கத்தில் இதை ஒளிக்காமல் பெயரிலேயே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. சான் ஹியுங் என்பவர் (1806-1875) முதலில் தம் பெரியவர் ஒருவரிடமும், பிறகு லீ என்பவரிடமும், அதன் பிறகு சோய் என்ற துறவியிடமும் ஆண்டுக்கணக்கில் கற்றார். 1836-இல் தம் பாணிக்குப் பெயர் வைக்கும்போது தம் பெயரை வைக்கவில்லை. 'சோய் லீ ஃபட்' என்றார். இரண்டு குருமார்களின் குடும்பப் பெயர். ஃபட் என்றால் புத்தர், முதல் குருவின் பௌத்த வழிக்கு வணக்கம். இன்றும் அந்தப் பெயரில்தான் உலகமெங்கும் அது நடக்கிறது.

இப்போது நான் சொல்ல நினைத்த ஆளுக்கு வருகிறேன். சுன் லூதாங். 1860-இல் ஹெபெய் மாநிலத்தில் ஏழை வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, பாவோதிங் நகரில் எழுதுகிற தூரிகை விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே லீ குய்யுவான் என்ற ஆசிரியரிடம் ஷிங்யீ என்ற கலையைக் கற்கத் தொடங்கினார். பிறகு அந்த லீயின் குருவான குவோ யுன்ஷென்னிடமே நேராகப் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் குவோ யுன்ஷென் யார் தெரியுமா? 'ஒன்றே போதும்' என்பவர்கள் எல்லோரும் சாட்சிக்கு அழைக்கும் ஆள். ஷிங்யீயில் ஐந்து அடிப்படைக் குத்துகள். உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்று ஐந்துக்கும் ஐம்பூதப் பெயர். அதில் 'மரம்' எனப்படும் நேர்க்குத்து ஒன்றை வைத்தே அரைச்சுவடு முன்னால் வந்து நாடெங்கும் ஜெயித்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்மொழி. சிறையில் காலில் விலங்கு இருந்ததால்தான் அரைச்சுவடு பழகினார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ போகட்டும், ஒரே குத்தில் ஊறியவர் என்பது மட்டும் உண்மை. அப்படிப்பட்டவர், தம் மாணவன் பாகுவா என்ற இன்னொரு கலையைக் கற்கப் பெய்ஜிங் போவதைத் தடுக்கவில்லை. அவரே தூண்டி அனுப்பினார் என்றும் சொல்கிறார்கள்.

பெய்ஜிங்கில் சுன் லூதாங் சேர்ந்தது செங் திங்ஹுவாவிடம். மூக்குக்கண்ணாடி வியாபாரி, ஊரில் 'கண்ணாடி செங்' என்றுதான் பெயர். பாகுவா என்பது வட்டமாக நடந்துகொண்டே எதிரியின் பக்கவாட்டில் போய் நிற்கும் கலை. நேர்க்கோட்டில் பாயும் ஷிங்யீக்கு நேர் எதிர். இதைப் பரப்பிய முதல் ஆசான் தோங் ஹாய்சுவான் 1882-இல் காலமானார். அவர் புதியவர்களைச் சேர்க்கமாட்டாராம். ஏற்கெனவே வேறொரு கலையில் தேர்ந்தவர்களைத்தான் எடுத்துக்கொள்வார், அவரவர் பழைய கலைக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுப்பார் என்பது பாகுவா மரபில் வழிவழியாக வரும் செய்தி. கண்ணாடி செங் மல்யுத்தத்திலிருந்து வந்தவர் என்பதால் அவர் வழியில் தூக்கி எறிதல் அதிகம். இன்னொரு மூத்த மாணவர் யின் ஃபூவின் வழி முற்றிலும் வேறு மாதிரி. வேறு வாசல் வழியாக வந்தால்தான் இந்த வாசல் திறக்கும் என்று ஒரு கலை! இதைப் படித்த அன்று பேரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'முதலில் ஒன்றில் தேர்ந்திருக்க வேண்டும்' என்ற பகுதியையும் இரண்டு தடவை சொல்லிவைத்தேன்.

1900-இல் வெளிநாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தபோது செங் திங்ஹுவா ஜெர்மானியச் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். எத்தனை வாசலில் கற்றிருந்தாலும் துப்பாக்கிக்கு முன் நிற்காது.

சுன் லூதாங்கின் மூன்றாவது கலை வந்த விதம் இன்னும் அழகு. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெய்ஜிங்கில் பெரிய ஆசான். ஹாவ் வெய்ஜென் என்ற முதியவர் வெளியூரிலிருந்து வந்து, வந்த இடத்தில் நோயில் படுத்துவிட்டார். முன்பின் பழக்கமில்லாதவர். சுன் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டு, மருத்துவரை வரவழைத்து, மருந்து கொடுத்துக் கவனித்தார். தேறி எழுந்த முதியவர், 'எனக்கு ஒன்றுதான் தெரியும், அதைத் தருகிறேன்' என்ற கணக்கில் தாய்ச்சியைக் கற்றுக்கொடுத்தார். ஊரே குரு என்று வணங்கும் ஐம்பது வயதுக்காரர், மறுபடி முதல் பாடத்திலிருந்து மாணவராக நின்றார். வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்ள எனக்கு எத்தனை வெட்கம் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

அவர் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டவும் இல்லை. 1915-இல் ஷிங்யீ பற்றித் தனி நூல், 1916-இல் பாகுவா பற்றித் தனி நூல், அதன் பிறகு தாய்ச்சிக்கு ஒன்று. ஒவ்வொரு கலையையும் அதன் குருவிடம் வாங்கியபடி முதலில் பதிவு செய்தார். மூன்றின் உள்தத்துவமும் ஒன்றே என்று வாதிட்டார். பிற்பாடு சுன் பாணித் தாய்ச்சி என்று ஒன்று நிலைத்தது. அதில் காலடிகளில் ஷிங்யீயும் திருப்பங்களில் பாகுவாவும் தெரியும் என்கிறார்கள் பயில்பவர்கள். நாற்பது வருடம் எடுத்து நடந்த கலப்பு அது.

இதுவரை சொன்னது தனிமனிதர்கள். எல்லா வாசலையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர முயன்ற இரண்டு நிறுவனங்களும் இருந்தன. சங்க நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்கவும்.

முதலாவது, 1910-இல் ஷாங்காயில் ஹுவோ யுவான்ஜியாவை முன்னிறுத்தித் தொடங்கிய ஜிங்வூ சங்கம். அவர் தம் குடும்பக் கலையில் பெயர் பெற்றவர். தொடங்கிய சில மாதங்களில், அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். குருவோடு கடை மூடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சென் கோங்ஜெ முதலான வணிகக் குடும்பத்து இளைஞர்கள் சிலர் பொறுப்பேற்று நடத்தினார்கள். குரு வீடு என்பது போய், சங்கம் என்று ஆனது. காலில் விழ வேண்டாம். சந்தா கட்டினால் உறுப்பினர். பெண்களும் சேரலாம். சீருடை, பத்திரிகை, புகைப்படப் பிரிவு என்று நம் சங்கத்துக்கே பொறாமை வரும்படி நிர்வாகம். 1919-இல் அவர்கள் வெளியிட்ட மலருக்குச் சுன் யாட்-சென்னே முன்னுரை எழுதியிருக்கிறார்.

கழுகுநகப் பாணிக்குச் சென் சிஜெங், கும்பிடுபூச்சிப் பாணிக்கு லுவோ குவாங்யூ என்று, சாதாரணமாக ஒரே தெருவில் குடியிருக்காத ஆசான்களை ஒரே இடத்தில் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். எந்த மாணவனும் முதலில் சங்கத்தின் பத்து அடிப்படைப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு விருப்பப்பட்ட ஆசானிடம் போகலாம். வங்கியில் புதிதாகச் சேர்ந்தவனை எல்லா சீட்டிலும் கொஞ்ச நாள் உட்காரவைத்துப் பழக்குவோம், அதைப் போல. 1920-இல் அவர்களின் குழு தென்கிழக்கு ஆசியாவுக்குப் பயணம் போனது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் கிளை. அங்கே போகிறவர்கள் பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்தில் சின் வூ ஸ்டேடியம் என்று பார்க்கலாம். அது இவர்கள் பெயர்தான்.

ஜிங்வூவில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. நிறைய ஆசான்கள் இருந்ததால் நிறைய பயிற்சித் தொடர்களைச் சேகரிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. ஐம்பது தொடர் தெரியும், ஆனால் எதிரில் ஒருவன் வந்து நின்றால் எது கைக்கு வரும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பாஸ்புக் பத்து இருந்தால் பணமும் பத்து மடங்கு இருக்கும் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, 1928 மார்ச்சில் நான்ஜிங்கில் அரசு ஆதரவோடு தொடங்கிய தேசியக் கலைக் கழகம். தலைவர் ஜாங் ஜிஜியாங், முன்னாள் தளபதி. பக்கவாதத்தில் விழுந்து தாய்ச்சி செய்து தேறியவர். நாட்டின் எல்லாக் கலைகளையும் ஒன்றாக்குவதுதான் நோக்கம். ஆனால் நிர்வாக வசதிக்காக அவர்கள் செய்த முதல் காரியம் இரண்டு 'வாசல்' வைத்ததுதான். ஷிங்யீ, பாகுவா, தாய்ச்சி மூன்றும் வூதாங் வாசல். மற்றது எல்லாம் ஷாவோலின் வாசல்.

என்ன நடந்திருக்கும் என்று நம் ஏ பிளாக், பி பிளாக் கார் பார்க்கிங் விவகாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது உயர்ந்தது என்று சில மாதங்களிலேயே பேச்சு முற்றியது. கடைசியில் வூதாங் வாசலின் தலைவர் காவ் ஜென்தோங்கும் ஷாவோலின் வாசலின் தலைவர் வாங் சிபிங்கும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். மாணவர்களில்லை, தலைவர்கள்! ஜாங் ஜிஜியாங் அந்த ஆண்டே இரண்டு வாசலையும் எடுத்துவிட்டு, கற்பித்தல், பதிப்பு, பொது நிர்வாகம் என்று வேலை வாரியாகப் பிரிவுகளை அமைத்தார். ஆசான்கள் ஆசான்களாக இருந்தார்கள், பலகைதான் மாறியது. சண்டை ஓய்ந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதிலும் இருந்து வீரர்களை வரவழைத்து மேடையில் மோதவிட்டார்கள். காயம்பட்டவர்கள் அதிகமாகிப்போக, இறுதிச் சுற்றை நடத்தாமலே முடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு 'தெற்கே போன ஐந்து புலிகள்' என்று பெயர் பெற்ற ஐந்து வடநாட்டு ஆசான்கள் குவாங்சோவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு. கழகம் ஊர் ஊராக இடம் பெயர்ந்து, பிறகு எழவே இல்லை.

புரூஸ் லீயைச் சொல்லாமல் விட்டால் நம் இளைஞர் பிரிவு என்னைச் சும்மா விடாது. அவர் இப் மேனிடம் விங் சுன் கற்றதும், பிறகு மேற்கத்தியக் குத்துச்சண்டையையும் வாள்வீச்சையும் ஆராய்ந்து 1967-இல் தம் முறைக்கு ஜீத் குன் தோ என்று பெயர் வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதிகம் தெரியாத ஒன்று: 1959-இல் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன், ஜிங்வூ வழிவந்த ஓர் ஆசானிடம் சில வடநாட்டுப் பயிற்சித் தொடர்களைக் கற்றுக்கொண்டார். கட்டணம் பணமாக இல்லை. பதிலுக்கு அவர் ஆசானுக்குச் ச்சா-ச்சா நடனம் சொல்லிக்கொடுத்தாராம். 1972-இல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்தில் ஹுவோ யுவான்ஜியாவின் மாணவனாக, ஜிங்வூ வீரனாக நடித்தவர் அவர். அந்த வாசலில் உண்மையாகவே கொஞ்சம் கால் வைத்தவர்தான்.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு போன வாரம் நம் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். வாதாட அல்ல. அவர் தரப்பைக் கேட்காமல் எழுதுவது நியாயமில்லை என்று தோன்றியது. வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "சார், எனக்குப் பொறாமை இல்லை. ரெண்டு வருஷத்துல பையனுக்கு இப்பத்தான் கால் நிக்குது. சிலம்பத்துல கால் எடுத்து வைக்கிற முறை வேற. இப்ப மாத்தினா ரெண்டும் நிக்காது" என்றார். இதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சுன் லூதாங்கும் கண்ணாடி செங்கும் புதுவாசலில் நுழைந்தபோது பழைய வாசலில் அவர்கள் கால் நன்றாக நின்றுவிட்டிருந்தது. அதையும் சொன்னேன். குவோ யுன்ஷென் தம் மாணவனை அனுப்பிவைத்ததையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் மாஸ்டர் என்னை அப்படி அனுப்பலை சார்" என்றார். பிறகு, தாம் கற்ற காலத்தில் வேறொரு வகுப்பை ஜன்னல் வழியாக நின்று பார்த்ததற்காக மூன்று மாதம் வெளியே நிறுத்தப்பட்டதைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது பதினாலு.

பேரனை அழைத்து, டிசம்பருக்குள் முதல் தொடரைத் தவறில்லாமல் முடிக்கச் சொல்லியிருக்கிறார். முடித்தால் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கம்பைக் கொண்டுவந்து தமக்குக் காட்ட வேண்டுமாம். ஊரில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவரின் தொலைபேசி எண்ணையும் என்னிடம் வாங்கிக்கொண்டார். கராத்தே வகுப்புக்கு மாடியைக் கொடுப்பது பற்றி வரும் பொதுக்குழுவில் முடிவெடுப்போம். கொடுத்தால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். எங்கள் பிளாக்கில் அன்று ஒருநாளாவது தூங்க வேண்டும்.